கழன்று ஆடும் ஃபெயரிங்: உங்களுக்கு என்ன நடந்தது?

இரண்டு_சில்லு

போன வியாழன் கொழும்பு பேஸ்லைன் வீதியில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதுதான் எழுதுகிறேன். என் பைக்கின் இடப்பக்க ஃபெயரிங், அதாவது பக்கத்தை மூடுகிற பிளாஸ்டிக் கவர், இரண்டு மாதமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. மேல் காது, கவரைப் பைக்கோடு பிடித்து வைக்கிற நீட்டம், உடைந்தது எனக்குத் தெரியும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுவேன், கொஞ்ச நேரம் சத்தம் போடாது, அவ்வளவுதான் என் திருத்த வேலை. தெமட்டகொடையை நெருங்கும்போது ஒரு பஸ் பக்கத்தால் உரசுகிற மாதிரிப் போனது, அந்தக் காற்றில் கவர் முழுதாகக் கழன்று இண்டிகேட்டர் வயரில் தொங்குகிறது, தொங்கியபடியே இண்டிகேட்டர் தன்பாட்டில் மினுங்குகிறது! ஓரங்கட்டுவதற்குள் வயர் அறுந்து, கவர் றோட்டில் சறுக்கிக்கொண்டு பின்னால் வந்த பைக்கின் முன்சில்லுக்கு நேரே போனது. அதில் ஒரு தகப்பன், பின்னால் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை. எப்படியோ வெட்டி எடுத்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நின்றேன். அவர் இறங்கி வந்து கவரை எடுத்து, மண்ணைத் தட்டி என் கையில் தந்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மட்டக்குளிப்_பயணி

தம்பி, காது உடைந்ததைத் தெரிந்துகொண்டே ஓடியது பிழைதான், ஆனால் என் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் சத்தம் கேட்ட அன்றே கராஜுக்குக் கொண்டுபோனவன். மெக்கானிக் பாஸ் ஒரு டப்பாவுக்குள் கையை விட்டுக் கிடைத்த போல்ட்டைப் போட்டு இறுக்கித் தந்தார், சத்தம் நின்றது, சந்தோஷம். நாலாம் நாள் கிராண்ட்பாஸில் நெரிசலுக்குள் நிற்கிறேன், வலது காலில் சூடாக ஏதோ சொட்டுகிறது. குனிந்து பார்த்தால் செருப்பு முழுக்கப் பச்சைத் தண்ணீர். போட்ட போல்ட் இருக்கவேண்டியதை விட நீளம், அதன் நுனி ரேடியேட்டர் குழாயில் உரசி உரசித் துளை போட்டிருக்கிறது. கவர் போல்ட் எல்லாம் ஆறு மில்லி தடிப்புத்தானே என்று நினைக்கிறோம், நீளம் இடத்துக்கு இடம் வேறு. கழற்றும்போது ஒரு மட்டையில் பைக்கின் படத்தைக் கீறி, எந்தப் போல்ட் எந்த இடமோ அங்கேயே குத்தி வையுங்கள். நான் இப்போது அப்படித்தான்.

நீலக்_குப்பி

எனக்கு இரவில் கேட்ட சத்தம்தான் மறக்காது. போல்ட் அடிக்கடி தளர்கிறதே என்று திரெட் லொக்கர் (போல்ட் தளராமல் மரையில் விடும் திரவம்) வாங்கி, கவர் போல்ட் எல்லாவற்றிலும் தாராளமாக விட்டு இறுக்கினேன். கீழே பார்க்கிங்கில் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பல்லிதான் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி வெடிப்பு. அந்தத் திரவம் கவர் செய்திருக்கிற ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் பட்டால், அதுவும் இறுக்கத்தில் இருக்கிற இடமென்றால், தானாகவே வெடிக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். குப்பியிலேயே எழுதியிருந்தது, யார் வாசித்தது!

மட்டக்குளிப்_பயணி

லொக்கரைக் குறை சொல்ல வேண்டாம், நீங்கள் அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருப்பீர்கள். நான் எஞ்சின் போல்ட்டுக்கு வருஷக்கணக்காகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

நீலக்_குப்பி

அண்ணா, எஞ்சின் இரும்பும் அலுமினியமும். நான் கதைப்பது பிளாஸ்டிக்கைப் பற்றி. கையால் திருப்பும் சின்னத் திருப்பியால்தான் இறுக்கினேன்.

பழைய250

இரண்டு பேரும் பக்கத்தில் வந்து உண்மையைத் தொடாமல் போகிறீர்கள். அந்தத் துளைகளில் ரப்பர் புஷ் என்கிற வளையமும் அதற்குள் காலர் என்கிற சின்ன இரும்புக் குழாயும் இருந்தனவா? போல்ட் இறுகுவது காலரின் மேல்தான், பிளாஸ்டிக்கின் மேல் இல்லை. கவர் ரப்பரில் மிதந்துகொண்டு நிற்கும், அதிர்வை ரப்பர் வாங்கும். காலர் தொலைந்தால் இறுக்க இறுக்க பிளாஸ்டிக் நசியும், தளர்த்தினால் கடகடக்கும், நடுவில் சரியான இறுக்கம் என்று ஒன்று இல்லை. சின்னச் சாமான், கழற்றும்போது உருண்டு வடிகானுக்குள் போய்விடும், பாஸ்மாரும் தேட மாட்டார்கள்.

என் கதை சின்னது. என்னுடையது பழைய ஜப்பான் 250 சீசீ பைக், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திரும்பத் திறக்கும்வரை அதற்குக் கவர் தேடுவது பொன் தேடுவது மாதிரி. அதனால் நானே ஒட்டப் பழகினேன். மகனின் உடைந்த லெகோ கட்டைகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி (அதுவும் ஏபிஎஸ்தான்) முன் கவரின் காதைக் கட்டினேன், கல் மாதிரி நின்றது. அந்தத் திமிரில் உள்பக்கக் கறுப்புக் கவருக்கும் அதையே பூசி, அடுத்த நாள் நகத்தால் சுரண்டினால் பால் ஆடை மாதிரி முழுதாகக் கையோடு வருகிறது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் சின்ன எழுத்தில் பிபி என்று போட்டிருக்கிறது. பாலிப்ரொப்பிலீன். அசிட்டோன் அதைத் தொடாது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் கவரின் பின்பக்கம் என்ன எழுத்து என்று பாருங்கள். வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதன் நுனியில் மூன்று மில்லித் துளை ஒன்று போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. பிறகு பின்பக்கத்தில் வெடிப்பு நீளத்துக்கு ஒரு பள்ளம் கீறி, யன்னலில் நுளம்புக்கு அடிக்கிற கம்பிவலையில் ஒரு துண்டு வெட்டி, சோல்டரிங் அயனால் உருக்கி உள்ளே அமுக்குங்கள், அதற்கு மேல் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி மூடுங்கள். புகையை மூக்கில் எடுக்க வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள். கூழ் பூசுகிறவர்கள் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எல்லாம் அசிட்டோன் இல்லை, சிலதில் அசிட்டோன் துளியும் இராது. டாங்கிப் பக்கம் கவரின் முனை குத்தி நிற்கும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், சோப்புத் தண்ணீர் தொட்டால் முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இல்லாவிட்டால் தள்ளுகிற தள்ளில் அடுத்த காதும் உடையும்.

மரைன்_டிரைவ்_ஸ்கூட்டி

அண்ணாமார் எல்லாம் பெரிய பைக்காரர்கள். என்னுடையது ஸ்கூட்டர், வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவது, உப்புக்காற்றில் ஸ்குரூ எல்லாம் துருவேறி தலை கழன்று வந்தன. முன் கவரின் கிளிப் உடைந்ததும் தம்பி சுப்பர் குளூ விட்டு, மேலே அப்பச்சோடா தூவினால் உடனே இறுகும் என்றான். தூவினான். வெள்ளையாகப் புகை எழும்பி இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, அம்மா குசினியிலிருந்து “என்னடா கருகுது” என்று ஓடிவருகிறா. விரல் வைத்த இடம் சுட்டது. இறுகியது உண்மைதான், ஆனால் அவனுடைய சுட்டுவிரலும் கவரோடு சேர்ந்து இறுகிவிட்டது! மூன்று வாரம் தாங்கியது, பிறகு ஒரு வேகத்தடையில் அதே இடத்தில் நறுக்கென்று விட்டது. கல்லாக இறுகுவது வளைந்துகொடுக்காதே. இப்போது இரண்டு பக்கமும் துளை போட்டுக் கறுப்புக் கேபிள் டையால் தைத்து வைத்திருக்கிறேன். பார்க்க ஆஸ்பத்திரித் தையல் மாதிரி, ஆனால் ஆடவில்லை.

மட்டக்குளிப்_பயணி

தங்கச்சி, வெயிலில் நிறுத்தினால் வெள்ளைக் கேபிள் டை சீக்கிரம் நொறுங்கும், கறுப்பு நல்லது. நீலக்குப்பி, காலர் இருந்ததா இல்லையா?

நீலக்_குப்பி

இரண்டில் இல்லை. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலர் இருந்த இடத்திலும் வெடித்தது.

இரண்டு_சில்லு

பழைய250 அண்ணா சொன்னதைப் பார்த்துவிட்டு நேற்றுப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார், நூற்றுக்கணக்கான ரப்பர் புஷ், காலர், கிளிப் எல்லாம் கலந்து. அரை மணித்தியாலம் குந்தியிருந்து என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து ஐந்தைப் பொறுக்கினேன். காதுக்குக் கம்பிவலை வைத்து உருக்கினேன், வடிவாக வரவில்லை, ஆனால் உள்பக்கம்தானே. சத்தம் இல்லை.

பின்னேரம் அதே நேரத்துக்கு பேஸ்லைன் வீதியால் இரண்டு தரம் போய்வந்தேன், அந்த மனிதரைக் காணவில்லை. நம்பரும் பார்க்கவில்லை. பிள்ளையின் பையில் மஞ்சள் தண்ணீர்ப் போத்தல் ஒன்று தொங்கியது மட்டும் ஞாபகம்.