சரளைப் பாதையில் எதிர்ப்பட்டவர்கள்: பவேரிய ஏரிக்கரை அனுபவங்கள்

ஸெண்ட்லிங், மியூனிக்

சைக்கிள் பயணத்தில் ஏறிய உயரம், சராசரி வேகம், வரைபடத் தடம் எல்லாம் செயலியிலேயே கிடைக்கின்றன. இங்கே நான் கேட்பது வேறு. மியூனிக்குக்குத் தெற்கே, ஏரிகளும் ஆல்ப்ஸ் அடிவாரமும் சேரும் பகுதியில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டும் நம்மவர்களே, வழியில் யார் எதிர்ப்பட்டார்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்; மேலே உங்கள் ஊர்ப் பெயர் போதும். நானே தொடங்கிவைக்கிறேன்.

வால்கென்ஸே ஏரியின் கிழக்குக் கரை. ஊர்ஃபெல்டிலிருந்து ஸாகென்பாக் வரை ஆரவாரமில்லாத சிறு சாலை. அங்கிருந்து தெற்கே நீடர்நாக் வரை சரளை. எதிர்க்கரையில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் வலக்கைக்குத் தண்ணீர், இடக்கைக்குக் காடு. ஸாகென்பாக் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி ஒரு வளைவு திரும்பியதும், பாதையை முழுவதுமாக அடைத்தபடி ஒரு பழுப்பு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பின்னால் கன்றுகளோடு இன்னும் சில.

மணியடிக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். "அடிக்க வேண்டாம்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். தோளில் கம்பிச் சுருளோடு ஒரு விவசாயப் பெண்மணி. இறங்கி நடக்கச் சொன்னார். சைக்கிள் நமக்கும் மாட்டுக்கும் நடுவில் இருக்கும்படி உருட்ட வேண்டும்; மாடு நம்மைப் பார்க்கும்படி சுற்றிப் போக வேண்டும்; தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் நுழையவே கூடாது என்றார். அதற்குள் அந்த மாடு முதலில் பின்னங்கால்களை ஊன்றி, பிறகு முன்னங்கால்களை நிமிர்த்தி, சாவகாசமாக எழுந்து என்னிடமே வந்தது. உப்புத்தாளைப் போன்ற நீண்ட நாக்கால் கைப்பிடி நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நக்கியது. என் வியர்வை உப்புக்கு அப்படியொரு கிராக்கி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வேலிக்கதவைத் திறந்துவிட்டார். நான் கடந்ததும், "மூடிவிட்டுப் போங்கள்" என்றார்.

வைல்ஹைம்

உங்கள் ஊர்ஃபெல்டுக்கு வந்துசேர்வதே ஒரு பாடு. கோகெல் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு முன்னால் கெஸ்ஸல்பெர்க் கணவாய் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட வளைவுச் சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்களின் ரகளை தாங்காமல், வார இறுதியில் அவர்கள் கோகெலிலிருந்து மேலே ஏறுவதற்குத் தடையே போட்டிருக்கிறார்கள். அப்படியும் கார்கள் குறைவதில்லை. நான் பழைய வண்டிப்பாதையில்தான் ஏறுவேன். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட வழி. 1786இல் இத்தாலிக்குப் பயணப்பட்ட ஜெர்மானியக் கவிஞர் கோதே இந்தக் கணவாயைத்தான் கடந்தார். அவருக்குக் குதிரை வண்டி இருந்தது. நமக்கு முழங்கால்தான்.

அங்கே மேலிருந்து நடந்து இறங்கிய ஒரு முதியவர், நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து நின்றார். இரண்டு கைத்தடிகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, "இந்த ஏற்றத்தில் நீங்கள் செலவழிக்கும் சக்தியைத்தான் கீழே மின்சாரமாக எடுக்கிறார்கள்" என்றார். உண்மைதான். வால்கென்ஸே சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோகெல்ஸே 600 மீட்டரில். நடுவில் உள்ள 200 மீட்டர் வீழ்ச்சியைப் பயன்படுத்தி 1924 முதல் மின்நிலையம் ஓடுகிறது. முன்னின்று அதைக் கொண்டுவந்தவர் பொறியாளர் ஆஸ்கர் ஃபான் மில்லர். குளிர்காலத்தில் ஏரி மட்டம் பல மீட்டர் இறங்கும் என்றும், தன் சிறுவயதில் அப்போது வெளியே தெரியும் கரையில் விளையாடியதாகவும் பெரியவர் சொன்னார். போகும்போது என் பின்சக்கரத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "காற்று அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சம் இறக்கினேன். அதன் பிறகு அந்த உருண்டைக் கற்களில் டயர் வழுக்கவில்லை.

பாட் டோல்ஸ்

வால்கென்ஸேயின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். க்ரூன் அருகே ஈசார் ஆற்றைத் தடுத்து, அங்கிருந்து கால்வாயிலும் சுரங்கத்திலும் ஏரிக்குத் திருப்பியிருக்கிறார்கள். அதனால் அணைக்குக் கீழே ஈசார் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய வறண்டே கிடந்தது. 1990இல்தான் ஒரு பங்கு தண்ணீரை மீண்டும் ஆற்றில் விட்டார்கள்.

வால்காவிலிருந்து ஃபோர்டர்ரிஸ் வரையிலான சாலை அந்த ஆற்றை ஒட்டியே போகிறது. கார்களுக்குச் சுங்கம், சைக்கிளுக்கு இல்லை. தார்ச்சாலைதான், ஆனால் பக்கத்திலேயே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் திட்டுகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கால் நனைக்க இறங்கப்போனேன். இயற்கைப் பாதுகாப்புத் தன்னார்வலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். திட்டமாட்டார் என்று முகமே சொன்னது. தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி, "பாருங்கள்" என்றார். பார்த்தேன், கற்கள். "இன்னும் பாருங்கள்" என்றார். ஒரு கல் நகர்ந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் கறுப்புப் பட்டை: பட்டாணி உப்புக்கொத்தி. நம் ஊர் ஏரிக்கரைகளில் ஓடித் திரியுமே, அதே இனம். அது எழுந்த இடத்தில் முட்டைகள் இருந்தன. அவர் சுட்டிக்காட்டிய பிறகும், புள்ளிபோட்ட சாம்பல் நிறக் கற்களுக்கும் அவற்றுக்கும் என்னால் வித்தியாசம் காண முடியவில்லை. செருப்புக்காலோடு இறங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தத் திட்டுகளில் இறங்கத் தடை என்ற பலகை இருக்கிறது. பலகையை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம்.

இன்ஸ்புரூக்

பவேரிய நண்பர்களே, உங்களுக்கு வாய்த்த சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆஸ்திரியாவில், கிடையாது என்பதை எங்கள் ஆகென்ஸே ஏரிக்கு வருகிறவர்கள் நினைவில் வையுங்கள். பவேரியாவில் இயற்கையை அனுபவிக்கும் உரிமையை அந்த மாநில அரசமைப்பின் 141ஆவது பிரிவே தருகிறது. தகுந்த பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம், நடப்பவர்களுக்கே முதலிடம். ஆஸ்திரியாவில் 1975ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காட்டில் யாரும் நடக்கலாம்; சைக்கிளுக்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். எத்தனை அகலமான சரளைச் சாலையானாலும் சரி. எங்கள் டிரோல் மாநிலத்தில் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு நிறையப் பாதைகளைத் திறந்திருக்கிறார்கள், அவற்றில் வழிகாட்டிப் பலகை இருக்கும்.

என் கூட வந்த மியூனிக் நண்பர் ஒருவர், செயலி பச்சைக் கோடு காட்டுகிறதே என்று ஒரு வனச்சாலையில் திரும்பினார். அரை கிலோமீட்டரில் எதிரே ஜீப். இறங்கிய வேட்டைக்காரர் சத்தம் போடவில்லை. மாலையில் மான்கள் மேய வெளியே வரும் சரிவு அது என்று சொல்லி, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை எங்கள் தாள் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். அந்த வழி செயலி காட்டியதைவிட அழகு என்பதை நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

லெங்ரீஸ்

மான் ஓடினால் திரும்பி வரும், மரம் விழுந்தால் நாம் வரமாட்டோம். மரம் வெட்டும் இடத்தில் பாதையின் குறுக்கே 'உயிருக்கு ஆபத்து' என்று துணி கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காதே என்று குனிந்து நுழைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அங்கே நின்றுகொண்டிருந்த வனத்தொழிலாளி, வளைந்து சிக்கிக் கிடந்த ஓர் இளமரத்தைத் தூரத்திலிருந்தே காட்டினார். வில்லாக இழுபட்டு நிற்கும் அது எப்போது விடுபடும் என்று ரம்பக்காரருக்கே தெரியாதாம். அடுக்கிவைத்த மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்து படம் எடுப்பதும் அப்படித்தான். அடுக்கு உருண்டால் தப்ப வழியில்லை.

ஸெண்ட்லிங், மியூனிக்

லெங்ரீஸ் நண்பருக்கு: ஞாயிறு என்றால் நானும் நுழைந்திருப்பேன். இனி இல்லை.

ஸ்டார்ன்பெர்க்

என்னிடம் சாகசம் எதுவும் இல்லை. ஸ்டார்ன்பெர்க் ஏரிக்குத் தெற்கே ஓஸ்டர்ஸேன் பக்கம், பனியாறு விட்டுப்போன பெரும் பனிக்கட்டிகள் உருகியதால் உண்டான சிறு ஏரிகளின் நடுவே, ஒரு தாதி என் காலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். முழங்காலுக்குப் பின்னால் உண்ணி. கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து, தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக இழுத்து எடுத்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "தடுப்பூசி போட்டாயிற்றா?" பவேரியாவில் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் உண்டு, தடுப்பூசியும் உண்டு. உண்ணியால் வரும் லைம் நோய்க்கு அந்த ஊசி உதவாது. கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். புல் உரசும் பாதையில் ஓட்டியவர்கள் வீடு திரும்பியதும் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்புர்க்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் 35 மில்லிமீட்டர் டயர் இருக்கிறது. ஸாகென்பாக் பாதைக்கு அது போதுமா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

வைல்ஹைம்

ஏரிக்கரைக்குப் போதும். கெஸ்ஸல்பெர்க் பழைய பாதைக்கு 40 இருந்தால் நல்லது. 35 என்றால் செங்குத்தான இடத்தில் தள்ளிக்கொண்டு ஏறுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கோகெலில் தொடங்கி ஊர்ஃபெல்ட், ஸாகென்பாக், நீடர்நாக், பிறகு யாகெனாவ் பள்ளத்தாக்கு வழியே லெங்ரீஸ். அங்கிருந்து மியூனிக்குக்கு ரயில். யாகெனாவுக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். வழியில் கால்நடை தாண்டாமலிருக்கத் தரையில் பதித்த இரும்புக் கம்பிகள் வந்தால் நேராகக் கடந்துபோங்கள், கைப்பிடியைத் திருப்பாதீர்கள்; ஈரமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், ஜெர்மனி டிக்கெட்டில் (நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பேருந்துக்கான மாதச் சீட்டு) அது அடங்காது. கூட்டம் நிறைந்துவிட்டால் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள், ஆகவே ஞாயிறு மாலையைத் தவிர்த்து வாரநாளில் வாருங்கள். கோடையில் பிற்பகல் இடி மழை வழக்கம் என்பதால் காலை ரயிலையே பிடியுங்கள்.