பூனை ஒன்றுக்குப் போக முடியாமல் தவிக்கிறது, அவசரம்

தாம்பரத்தான்: வணக்கம். நேற்றிலிருந்து என் பூனை மணல் பெட்டியில் போய்ப் போய் உட்காருகிறது, ஒன்றும் வரவில்லை. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைமேல் குந்தி முக்கிவிட்டு அடியையே நக்குகிறது. மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடிவீட்டு அக்கா: ஆணா, பெண்ணா? வயது? சொட்டாவது வருகிறதா?

கருப்பட்டி: எங்கள் அப்பாவுக்கு வாழைத்தண்டுச் சாற்றில்தான் கல் கரைந்தது. பூனைக்கும் ரெண்டு ஸ்பூன் கொடுங்கள்.

நாலுகால் நண்பன்: கடையில் விற்கும் உலர் தீனிதான் போடுகிறீர்களா? காரணம் அதுதான். எந்தப் பூனை வியாதியானாலும் அங்கேதான் போய் முடியும்.

மூத்த உறுப்பினர்: மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவை ஒருவரும் படிப்பதில்லை. ஆணா பெண்ணா, வயது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன சாப்பாடு, வாந்தி உண்டா என்று 5 கேள்வி அதில் இருக்கிறது. பதிலே இல்லாமல் மருந்து மட்டும் வேண்டுமாம். பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று யார் சொன்னது?

தாம்பரத்தான்: ஆண். 3 வயது. கருத்தடை செய்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது. இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு வந்தது. அடிவயிற்றைத் தொட்டால் கத்துகிறது. வழக்கமான டாக்டர் நாளை காலைதான் வருவாராம்.

மாடிவீட்டு அக்கா: தம்பி, நாளை வரை வைத்திருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் வரும் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். படிகமும் சளி மாதிரிக் கசடும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். விளக்கெண்ணெய், சாறு எதுவும் வேண்டாம். வயிற்றை அழுத்தாதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலிக்கு பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ இரவில் பார்க்கும் வேறு இடத்துக்கோ போன் செய்து, "ஆண் பூனை, மூத்திரம் அடைத்திருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.

கருப்பட்டி: இன்ஃபெக்ஷனாகவும் இருக்கலாமே. ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ்?

மூத்த உறுப்பினர்: இளம் பூனைக்குக் கிருமித்தொற்று அபூர்வம். 10 வயதைத் தாண்டினால்தான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். பெரும்பாலும் காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி. வீட்டில் புதுப் பூனை, விருந்தாளி, பெயின்ட் வேலை என்று ஏதோ ஒரு பதற்றத்தில் கிளம்புவது. இதையும் அந்தப் பதிவில் எழுதியிருக்கிறேன்.

நாலுகால் நண்பன்: உலர் தீனியில் தண்ணீரே கிடையாது, அதைச் சொல்ல மாட்டீர்கள். எங்கள் வீட்டில் சோறும் கருவாடும்தான். ஒரு பூனைக்கும் அடைத்ததில்லை.

மூத்த உறுப்பினர்: உங்கள் வீட்டுப் பூனைகள் தெருவில் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டா இருக்கிறீர்கள்? கருவாட்டில் உப்பு.

நாலுகால் நண்பன்: உப்பு தின்றால் தண்ணீர் குடிக்கும். நல்லதுதானே?

மாடிவீட்டு அக்கா: சில மருத்துவத் தீனியில் உப்பைச் சேர்ப்பது உண்மைதான், ஆனால் அது அளந்து போடுவது. கருவாட்டை யார் அளக்கிறார்கள்? சரி, இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தான், கிளம்பிவிட்டீர்களா?

தாம்பரத்தான்: அடைப்புதான். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டிருக்கிறார்கள். பொட்டாசியம் அதிகமாம், டிரிப் ஏறுகிறது. ஸ்ட்ருவைட் படிகம் என்றார்கள். நன்றி, போனில் சார்ஜ் இல்லை.

மாடிவீட்டு அக்கா: நல்ல வேளை. ஸ்ட்ருவைட் என்றால் மருத்துவத் தீனியில் கரையும். ஆக்சலேட் கல்லாக இருந்தால் கரையாது. குழாயை எடுத்தபின் முதல் வாரம் மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம், மணலில் தினமும் மூத்திரம் நனைந்த கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ஈரத் தீனி கொடுங்கள், இல்லையென்றால் தீனியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துப் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மணல் பெட்டிப் பக்கம் வேண்டாம். திரும்பத் திரும்ப அடைத்தால் சிறுநீர் வரும் குழாயின் வாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

மூத்த உறுப்பினர்: எவ்வளவு மணி நேரம் அடைத்திருந்தது, என்ன தீனி போட்டார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

நாலுகால் நண்பன்: கருவாட்டை நன்றாகக் கழுவி, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டால் பரவாயில்லையா, அக்கா?