டிங்கினேஷுக்கு நிலா ஒன்றா, இரண்டா?

மொட்டைமாடி:
2023 நவம்பர் 1 அன்று நாசாவின் லூசி விண்கலம், சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் இருக்கிற டிங்கினேஷ் என்ற சிறுகோளைத் தாண்டிப் போனதல்லவா. முதலில் வெளியான படத்தில் பக்கத்தில் ஒரே ஒரு குட்டி நிலாதான் இருந்தது. சில நாள் கழித்து வந்த படத்தில் இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுமே அன்றைக்கு எடுத்ததுதானாம். அப்படியென்றால் முதல் படத்தில் கோளாறா?

வால்நட்சத்திரன்:
கோளாறு இல்லை, பார்த்த கோணம் அப்படி. இரண்டு எலுமிச்சம்பழத்தை ஒன்றின்பின் ஒன்றாகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், ஒன்றுதான் தெரியும். லூசி நொடிக்கு 4.5 கி.மீ. வேகத்தில், சுமார் 430 கி.மீ. தள்ளிப் பறந்தது. மிக அருகில் போன நேரத்தில் ஓர் உருண்டை மற்றதன் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ஆறே நிமிடத்தில் 1,600 கி.மீ. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. எடுத்த படமெல்லாம் அன்றைக்கே பூமிக்கு வந்துவிடாது, மெதுவாகத்தான் இறங்கும், அதனால்தான் அந்தச் சில நாள் இடைவெளி.

சும்மாவந்தவன்:
இதில் வேடிக்கை என்னவென்றால் லூசி கிளம்பியது வியாழன் பக்கம் இருக்கிற ட்ரோஜன் சிறுகோள்களைப் பார்க்க. டிங்கினேஷ் முதல் திட்டத்திலேயே கிடையாது, பறந்துகொண்டே இலக்கைப் படம்பிடிக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க 2023 ஜனவரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒத்திகைக்குப் போன இடத்தில் இப்படி ஒன்று மாட்டியிருக்கிறது! ஒட்டிக்கொண்ட இரட்டை உருண்டை இன்னொரு சிறுகோளைச் சுற்றுவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மொட்டைமாடி:
சரி, அந்த இரட்டை உருண்டை எங்கிருந்து பிய்ந்து வந்தது?

வால்நட்சத்திரன்:
டிங்கினேஷிலிருந்தே என்கிறார்கள். அதன் குறுக்களவு ஏறக்குறைய 790 மீட்டர்தான். இவ்வளவு சின்னக் கல்லை வெயிலே சுழற்றிவிடும்: சூடாகி அந்த வெப்பத்தை வெளியே விடும்போது, வடிவம் கோணல்மாணலாக இருப்பதால் ஒரு பக்கமாக லேசாகத் தள்ளும், அதுவே லட்சக்கணக்கான வருடம் நடந்தால் சுழற்சி ஏறி மேலே கிடக்கிற கல்லும் மண்ணும் பறந்துபோகும். படத்தில் அதன் இடுப்பில் ஒரு மேடும் நீளமான ஒரு பள்ளமும் இருக்கின்றன, பாருங்கள். ஆனால் பறந்த சரக்கு ஏன் 210, 230 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரே அளவு உருண்டைகளாகச் சேர்ந்தது என்பது ஆய்வுக் குழுவுக்கே புதிராகத்தான் இருந்தது.

அகல்விளக்கு:
எண்ணிக்கைக்கு வருவோம். இரண்டும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் நிலா ஒன்றுதான், சேர்த்து செலாம் என்று ஒரே பெயர். பெயர்கள் எங்கிருந்து வந்தன என்றால், லூசி என்பது எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த ஆதிமனித எலும்புக்கூட்டின் பெயர். அதற்கு அம்ஹாரிக் மொழியில் டிங்கினேஷ் என்று பெயர். செலாம் அதே நாட்டில் கிடைத்த ஒரு குழந்தையின் எலும்புக்கூடு.

மொட்டைமாடி:
நன்றி. என்னிடம் இருக்கிற ஆறு அங்குலத் தொலைநோக்கியில் டிங்கினேஷ் தெரியுமா?

சும்மாவந்தவன்:
வாய்ப்பே இல்லை சார். அதே உட்பட்டையில் வெஸ்டா இருக்கிறது, 525 கி.மீ. பெரிசு, அது பூமிக்கு நேராக வருகிற மாதமாகப் பார்த்துத் தேடுங்கள், சாதாரண பைனாகுலரிலேயே சிக்கும்.