பன்னிரண்டு மாத இடைவெளியும் நகரும் தீபாவளியும்

முட்டை விலையை முன்கூட்டிக் கணிக்க மாதக் கணக்கை வைத்துக்கொண்டு, புரட்டாசி பாதி செப்டம்பரிலும் பாதி அக்டோபரிலும் விழுவதால் திண்டாடியதை நாமக்கல் நண்பர் எழுதியிருந்தார். புரட்டாசியாவது ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வருகிறது. நான் மாட்டிக்கொண்டது தீபாவளியிடம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணினி வேலை பார்க்கிறேன். 2015 முதல் 2021 வரை 84 மாத விற்பனையை எடுத்து மடக்கை (log) போட்டு, அடுத்த ஆண்டைக் கணிக்க, புள்ளியியலாளர்கள் பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970இல் காட்டிய வழியில் இறங்கினேன்: மாதிரியை அடையாளம் காண், அதன் அளபுருக்களை (கெழு எண்களை) மதிப்பிடு, எச்சத்தை, அதாவது மாதிரி விளக்காமல் விட்ட மிச்சத்தை, சோதி. விமானப் பயணிகள் கணக்குக்கு அவர்கள் பொருத்திய மாதிரியையே எடுத்துக்கொண்டேன். முந்தைய மாதத்தைக் கழிப்பது, சென்ற ஆண்டின் அதே மாதத்தைக் கழிப்பது, பிறகு இரண்டே நகரும் சராசரி உறுப்புகள், அதாவது முந்தைய கணிப்புப் பிழைகளைக் கணக்கில் எடுக்கும் உறுப்புகள். எச்சத்தில் ஒழுங்கு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் லியுங்-பாக்ஸ் சோதனையில் தேறிவிட்டது. 2022இலும் அக்டோபரில்தான் உச்சம் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன்.

செப்டம்பர் நடுவிலேயே வெளியூர் வியாபாரிகள் வந்து நின்றார்கள். எங்கள் துணிப் பேல்கள் (பெரிய கட்டுகள்) வந்து இறங்கியதோ அக்டோபர் 10க்கு மேல். தீபாவளி 24ஆம் தேதி. சரக்கில் பாதி பொங்கல் வரை கிடங்கில் கிடந்தது.

பிறகு நான் செய்தது அதைவிட மோசம். மாதிரியில் உறுப்புகளைக் கூட்டிக் கூட்டி அகாய்கே எண் (மாதிரிகளை ஒப்பிடும் அளவு, குறைந்தால் நல்லது) இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (எத்தனை முறை கழிக்கிறோம் என்பதையே மாற்றிவிட்டு அந்த எண்ணை ஒப்பிடக் கூடாது என்பதுகூட உறைக்கவில்லை.) எழுபதை நெருங்கும் எங்கள் கணக்கப்பிள்ளை எச்சங்களின் படத்தை எட்டிப் பார்த்தார். செப்டம்பர் மேலே போன ஆண்டுகளில் அக்டோபர் கீழே கிடந்தது.

“ஏன் கண்ணு, இந்த வருடங்களில் தீபாவளி எந்தத் தேதி?”

2017இல் அக்டோபர் 18, 2018இல் நவம்பர் 6, 2019இல் அக்டோபர் 27, 2020இல் நவம்பர் 14. பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டே இருந்து, சந்திரக் கணக்கில் கூடுதலாக ஒரு மாதம் (அதிக மாதம்) வரும் ஆண்டில் பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னே தாவுகிறது. பன்னிரண்டு மாத இடைவெளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

வியாபாரிகள் எங்களிடம் வாங்கும் காலமாக, தீபாவளிக்கு முந்தைய 15 நாளை விட்டுவிட்டு, அதற்கும் முந்தைய 30 நாளை எடுத்து, அதில் எத்தனை நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்று அட்டவணையில் ஒரு பத்தி போட்டேன். 2020க்குச் செப்டம்பரில் 1, அக்டோபரில் 29. 2022க்கோ செப்டம்பரில் 22, அக்டோபரில் 8! அந்தப் பத்தியை விற்பனையை விளக்கும் மாறியாக மாதிரியில் சேர்த்து மறுபடி மதிப்பிட்டதும், கூட்டிய உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் எக்ஸ்-13 மென்பொருளில் நகரும் ஈஸ்டருக்கு இதே போன்ற ஏற்பாடு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

கணக்கப்பிள்ளையிடம் புதுப் படத்தைக் காட்டினேன். ஆகஸ்டில் விரலை வைத்து, “கேரளத்து வியாபாரிகளை விட்டுவிட்டாயே” என்றார். இப்போது ஓணத்துக்கு ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். 2022இல் செப்டம்பர் 8, 2023இல் ஆகஸ்ட் 29.