கோடம்பாக்கம் வீடு 🏠 (சனிக்கிழமை ஆதி கிராஜுவேஷன்)

கவிதா: எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா? நாளன்னிக்கு ஆதியோட யூகேஜி கிராஜுவேஷன். ஸ்கூல் கிரவுண்ட்லயே மேடை. 5.30-க்குக் கொண்டு விடணும், 6.15-க்கு ஆரம்பம். அவங்க போட்டோகிராபர் குரூப் போட்டோ மட்டும்தானாம். தனியா யார் எடுக்கிறது?

நங்கநல்லூர் அத்தை: யூகேஜிக்கே பட்டமா

நங்கநல்லூர் அத்தை: உங்க தாத்தா பி.ஏ. முடிச்சப்பவே ஒரே ஒரு போட்டோதான்

அப்பா: 🙏 வாழ்த்துகள்

கார்த்தி: நான் எடுக்கிறேன்க்கா. கேமரா இருக்குல்ல

அம்பத்தூர் சித்தப்பா: எந்த லென்ஸ்?

கார்த்தி: 55-250 ஜூம். பின்னாடி உக்காந்தே இழுத்துடலாம்

அம்பத்தூர் சித்தப்பா: பகல்னா சரி. மார்ச்ல நம்ம ஊர்ல 6.20-க்கெல்லாம் சூரியன் இறங்கிடும். அப்புறம் இருபது நிமிஷம்தான், மளமளன்னு இருட்டும். உன் லென்ஸை 250-க்கு இழுத்தா திறப்பு எஃப் 5.6, நம்பர் குறைஞ்சாதான் திறப்பு பெரிசு. என் 85 லென்ஸ் எஃப் 1.8. ரெண்டுக்கும் உள்ள வர்ற வெளிச்சத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். உன்னுதுல ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை ஏத்திக் காட்டுற அளவு) 6400, ஷட்டர் 1/60 நொடி வர்ற இடத்துல என்னுதுல ஐஎஸ்ஓ 3200, 1/250 கிடைக்கும். 1/60-ல நடக்கிற பிள்ளை இழுத்துவிட்ட மாதிரிதான் வரும்.

கார்த்தி: ஸ்டெபிலைசர் இருக்கே சித்தப்பா

அம்பத்தூர் சித்தப்பா: அது உன் கை ஆடுறதுக்கு. ஆதி ஆடுறதுக்கு இல்ல.

கவிதா: 😂😂

நங்கநல்லூர் அத்தை: கை ஆடுறதுன்னதும் ஞாபகம் வருது. என் பொண்ணுக்குத் தாலி கட்டுன போட்டோ

அம்பத்தூர் சித்தப்பா: அக்கா, பன்னிரண்டு வருஷம் ஆச்சு

நங்கநல்லூர் அத்தை: தவில்காரர் மட்டும் பளிச்னு இருந்தார்

அம்பத்தூர் சித்தப்பா: அதையேதான் சொல்ல வந்தேன். போகஸை கேமரா இஷ்டத்துக்கு விட்டா அப்படித்தான் ஆகும். கார்த்தி, நடுப் புள்ளி ஒண்ணு மட்டும் வை. பழைய டிஎஸ்எல்ஆர்ல வெளிச்சம் கம்மியானா ஒழுங்கா பிடிக்கிறது அது ஒண்ணுதான். கண்ணுல வச்சுப் பிடி. கவுன்ல வைக்காதே, வெறும் கறுப்புத் துணியில பிடிமானம் கிடைக்காம லென்ஸ் முன்னும் பின்னும் அலையும்.

கவிதா: கவுன் மெரூன் சித்தப்பா. வாடகை தனி. டெபாசிட் தனி.

பெரியம்மா: எவ்வளவு வாங்கறாங்க

கவிதா: கேக்காதீங்க

அம்மா: ஏன் இவ்வளவு கஷ்டம், பிளாஷ் போட்டா போச்சு

அம்பத்தூர் சித்தப்பா: அண்ணி, கேமராவுலயே இருக்கிற பிளாஷ் ஐஎஸ்ஓ 1600 வச்சாலும், 5.6-ல ஆறேழு மீட்டர் தாண்டாது. முன் வரிசை ஆளுங்க தலையெல்லாம் வெள்ளையா வரும், மேடை இருட்டா கிடக்கும்.

அம்மா: சரிப்பா

கார்த்தி: 85 வச்சா ஜூம் கிடையாதே. எங்க நிக்கணும்?

அம்பத்தூர் சித்தப்பா: கேமராவை நிமிர்த்திப் பிடிச்சா 25 அடியில ஆறரை அடி உயரம் அடங்கும். ஆதியும் தொப்பியும் சர்டிபிகேட் குடுக்கிறவங்களும் உள்ள வந்துடுவாங்க. நேர் எதிர்ல நிக்காதே, மைக் ஸ்டாண்டு மூஞ்சிய மறைக்கும். படி ஏறி வர்ற பக்கமும் வேணாம், இறங்குற பக்கம் ஓரமா நில்லு. உன்னைப் பார்த்து நடந்து வருவான். 1.8-ல அந்தத் தூரத்துக்கு ரெண்டு அடி ஆழம்தான் தெளிவா விழும். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கும்போது 2.2-க்கு மாத்திக்கோ.

கவிதா: பேர் வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க. இவன் ரெண்டாவது

கார்த்தி: ஐயோ, டெஸ்ட் எடுக்கவே டைம் இல்ல

நங்கநல்லூர் அத்தை: விக்னேஷ்னு வைங்கன்னு சொன்னேன். யார் கேட்டா

அம்பத்தூர் சித்தப்பா: கடைசியில வந்தா இன்னும் இருட்டியிருக்கும்க்கா. சீக்கிரம் கூப்பிடறது நல்லதுதான். கார்த்தி, வரவேற்புரை நடக்கும்போதே மைக்ல பேசற மிஸ்ஸை வச்சு டெஸ்ட் பண்ணிக்கோ. எம் மோடு, அதாவது எல்லாம் நாமளே வைக்கிறது, ஷட்டர் 1/250. அப்புறம் போட்டோவைப் பெரிசாக்கிப் பாரு, குறுக்கே கோடு கோடா இருட்டுப் பட்டை தெரியுதான்னு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி நொடிக்கு நூறு தடவை மினுக்கும். பட்டை வந்தா 1/100-க்கு இறங்கு. ஆனா அப்ப நடக்கிறதை எடுக்காதே. சர்டிபிகேட் வாங்கி ஒரு நொடி நிப்பான்ல, அதுல நாலஞ்சு தட்டு.

கார்த்தி: ஓகே ஓகே

அம்பத்தூர் சித்தப்பா: பின்னாடி எல்இடி திரை வைக்கிறாங்களா?

கவிதா: ஆமா, பெரிசா. பிள்ளைங்க போட்டோ ஓடுமாம்

அம்பத்தூர் சித்தப்பா: அப்ப ஆட்டோவுல விட்டா மூஞ்சி கருத்துடும், கேமரா திரையோட வெளிச்சத்தைத்தான் கணக்கெடுக்கும். எம் மோடுலயே இருந்துட்டு ஐஎஸ்ஓ மட்டும் ஏத்தி இறக்கு. ரா-வுல எடு, சென்சார்ல பதிஞ்சது அப்படியே இருக்கும். நீலம், ரோஸ்னு மேடை விளக்கு மாறும், ஜேபெக்ல மூஞ்சி நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர்றது சிரமம்.

மாப்பிள்ளை: 👍

நங்கநல்லூர் அத்தை: மாப்பிள்ளை வராரா இல்லையா

கவிதா: ஷிப்ட் மாத்தக் கேட்டிருக்கார் அத்தை

நங்கநல்லூர் அத்தை: போன வருஷமும் கேட்டிருந்தார்

அம்பத்தூர் சித்தப்பா: இன்னொண்ணு, இதை எல்லாரும் கோட்டை விடுவாங்க. ஏசி கார்லேர்ந்து கேமராவை நேரா வெளிய எடுத்தா லென்ஸ் மேல பனி படியும். துடைச்சா திரும்பப் படியும். பையை மூடின வாக்குல டிக்கியில வை. போய்ச் சேர்ந்தப்புறம் அரை மணி நேரம் கழிச்சுத் திற.

பெரியம்மா: சனிக்கிழமை ராத்திரி எனக்குப் பலகாரம்தான். இப்பவே சொல்லிட்டேன்

அம்மா: தோசை மாவு இருக்கு அக்கா

பெரியம்மா: அன்னிக்கு வேற யாரெல்லாம் இங்க சாப்பிடறீங்க

கவிதா: சாப்பாடு அப்புறம் பேசலாமே 🙏 சித்தப்பா, போன்ல எடுக்கிறவங்க என்ன பண்ணணும்?

அம்பத்தூர் சித்தப்பா: முதல்ல லென்ஸைத் துடைக்கணும். அண்ணி போன்ல எப்பவும் எண்ணெய்க் கை பட்டிருக்கும், மேடை விளக்கெல்லாம் புகை மண்டின மாதிரி வரும். நைட் மோடு வேணாம், ஓரிரு நொடி திறந்து வச்சிருக்கும், பிள்ளை ரெண்டாத் தெரிவான். விரலால இழுத்துப் பெரிசாக்காதீங்க. மூஞ்சியைத் தொட்டுட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. உண்மையில போன்ல வீடியோதான் உருப்படியா வரும். நொடிக்கு 30 பிரேம்ல எடுங்க, 60 வேணாம்.

அம்மா: என் போனைப் பத்தி யாரும் பேச வேணாம்

அம்பத்தூர் சித்தப்பா: கவிதா, தொப்பியை நெத்தியிலேர்ந்து ரெண்டு விரல் மேல தள்ளி ஹேர்பின் குத்திடு. மேல இருந்து விளக்கு அடிச்சா அந்தச் சதுரப் பலகை நிழல் நேரா கண்ணுல விழும். அப்புறம், நல்ல போட்டோ மேடையில கிடைக்காது. 5.40-லேர்ந்து 6.10 வரை கிரவுண்ட் ஓரத்துல, மேற்குப் பார்த்து நிக்கவச்சு எடுங்க. அந்த வெளிச்சத்துக்கு எந்த லென்ஸும் போதும். மேடை படம் ஒரு நினைவுக்குத்தான்.

கவிதா: 5.30-க்கே உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்களே

அம்பத்தூர் சித்தப்பா: அப்ப 5 மணிக்கு வீட்டு மொட்டை மாடியில கவுனோட எடுத்துடலாம்

கவிதா: கவுன் ஸ்கூல்லதான் குடுப்பாங்க

அம்பத்தூர் சித்தப்பா: மிஸ்கிட்ட பத்து நிமிஷம் கேட்டுப் பாரு

கார்த்தி: அப்ப 85-ஐ நான் வந்து வாங்கிக்கவா, நீங்களே கொண்டு வர்றீங்களா?

அம்பத்தூர் சித்தப்பா: நானே வரேன். முன்னாடி உக்கார இடம் இருக்கும்ல?

கவிதா: ஒரு பிள்ளைக்கு ரெண்டு பாஸ்தான் சித்தப்பா. மத்தவங்க பின்னாடி கயிறு கட்டின இடம்

அம்பத்தூர் சித்தப்பா: கயிறு எவ்வளவு தூரத்துல?

கவிதா: 60 அடி இருக்கும்

அம்பத்தூர் சித்தப்பா: அப்ப எடுக்கிறவனுக்கு ஒரு பாஸ் கட்டாயம் வேணும்

நங்கநல்லூர் அத்தை: பாட்டிக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்

கார்த்தி: அக்கா நீ எங்க உக்காருவே?

அப்பா: 🙏

பாட்டி: 🎤 ஆடியோ 1:52

கவிதா: யாராவது கேட்டுச் சொல்லுங்க, நான் வண்டியில இருக்கேன்

பெரியம்மா: கேட்டேன். தொப்பி வேணாமாம், விபூதி மறைஞ்சிடுமாம்