முதல் நெடுந்தூரக் குதிரையோட்டம்: மனத்தை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சாம்பல்குதிரை:
40 கிலோமீட்டர் ஓட்டம். முதல் சுற்று முடித்துக் குதிரையின் மருத்துவப் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தேன். வழி முழுக்க ஒரு பெண்மணியோடுதான் வந்தேன். அவருடைய பழுப்புக் குதிரை முன்னே, என்னுடையது அதன் வாலை ஒட்டிக்கொண்டு. விதிதான் தெரியுமே, குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 ஆக இறங்கிய பிறகுதான் கட்டாய ஓய்வு நேரம் ஓடத் தொடங்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்த பையன் சொல்லிக்கொண்டே வந்தான்: 72, 68, 66. அந்த நேரம் பார்த்து அந்த அம்மையார் தன் குதிரையை எங்கள் கண்ணெதிரே நடத்திக்கொண்டு போனார். என் குதிரை தலையைத் தூக்கிக் கனைத்த கனைப்பில் அதன் வயிறே அதிர்ந்தது. பையன் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, "84" என்றான்.

போகும்போது அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தெரிந்தே செய்தாரா? இதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மலைவழி:
தெரிந்தே செய்திருந்தாலும் அதில் குற்றம் என்ன? அவர் குதிரையின் துடிப்பு இறங்கியது, போனார். உங்கள் குதிரை இன்னொன்றின் பின்னால் மட்டும்தான் ஓடும் என்றால் அது அவர் பிரச்சினை அல்ல.

என்னுடையது சின்னக் கதை. மருத்துவர் குதிரையின் மேலுதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். வெளுத்த அந்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள் அல்லவா, அதுதான். அவர் மெதுவாக வாய்விட்டு எண்ணினார். "ஒன்று, இரண்டு, மூன்று..." மூன்றுக்குப் பிறகும் அது வெள்ளையாகவே இருந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எங்கள் ஓட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார். குதிரையோ அந்தப் பக்கம் நின்று உற்சாகமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தின்கிற குதிரை நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

மடக்குநாற்காலி:
நீங்கள் இருவரும் வேகப் பந்தயக்காரர்கள். நான் நேரக்கட்டுப்பாட்டு வகை. இங்கே குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தாலும் மதிப்பெண் போகும், பிந்தினாலும் போகும். குதிரைக்குத் தனி நடுவர், ஓட்டுபவருக்குத் தனி நடுவர்.

ஒரு செங்குத்தான இறக்கம். அடியில் புதருக்குப் பின்னால் நடுவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி முடிக்கும்வரை என்னையே பார்த்தார், பிறகு குனிந்து நிதானமாக எழுதினார். ஒரு கடிதமே எழுதுகிறார் என்று நினைத்தேன். மாலையில் அட்டை கைக்கு வந்தது. அதில் இருந்தவை இரண்டே சொற்கள்: "இடது கை". என் இடது கைக்கு என்ன?

தண்ணீர்த்தொட்டி:
தண்ணீர் வைத்திருந்த இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். அவர் குதிரையின் விலா ஒரே சீராக வெட்டி வெட்டி இழுத்தது. "விக்கல்" என்றார் சிரித்துக்கொண்டே. நான் இடது முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இதயம் ஒரு முறை அடித்தால் விலா ஒரு முறை வெட்டுகிறது, ஒன்றுகூடத் தப்பவில்லை. வியர்வையில் கால்சியமும் மற்ற உப்புகளும் போய்விட்டால், இதயத்தை ஒட்டிப் போகும் உதரவிதான நரம்பு ஒவ்வொரு துடிப்புக்கும் தூண்டப்படும். அதைத்தான் அவர் விக்கல் என்றார். சொன்னேன். "உங்கள் குதிரையைப் பாருங்கள்" என்று ஏறிப் போய்விட்டார். அடுத்த நிலையில் இருந்த மருத்துவரிடம் அவருடைய எண்ணைச் சொன்னேன். அவரை விலக்கினார்கள். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

மலைவழி:
சொன்னது சரி. ஆனால் அடுத்தவர் குதிரையைக் கேட்காமல் தொட்டது சரியில்லை.

தண்ணீர்த்தொட்டி:
கேட்டுவிட்டுத்தான் தொட்டேன் என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

பழையசேணம்:
புதிதாக வருபவர்கள் உப்பு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மனிதனின் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையின் வியர்வை அப்படி அல்ல, இரத்தத்துக்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ உப்பு இருக்கும். நீரோடு உப்பும் சேர்ந்து போவதால் இரத்தத்தின் செறிவு ஏறாது, குதிரைக்குத் தாகமும் எடுக்காது. நீர் வற்றிய குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். திமிர் என்று நினைக்காதீர்கள். உப்புக் கொடுங்கள், ஆனால் குடிக்க மறுக்கும் குதிரையின் வாயில் கெட்டியான உப்புப் பசையைத் திணிக்காதீர்கள். அது உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்கு இழுக்கும். தீவனத்தை நனைத்தே கொடுங்கள். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று தாத்தா காலத்தில் சொன்னதை மறந்துவிடுங்கள். மேலே ஊற்றுவதானால் ஒரு வாளியோடு நிறுத்தாமல் தொடர்ந்து ஊற்றுங்கள். இன்னொன்று, முதல் ஆண்டில் இடம் பிடிக்க ஆசைப்படாதீர்கள். கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பையில் 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் கடந்து, கடைசிப் பரிசோதனையிலும் தேறிவிட்டால், முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே வெள்ளி பெல்ட் கொக்கிதான். முதல் பத்துப் பேரில் எந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கும் ஹாகின் கோப்பையைத்தான் என் நண்பர்கள் பெரிதாக மதிக்கிறார்கள்.

என் சம்பவமா? ஒருமுறை என் சேணத்தின் வார் அறுந்தது. வேறொன்றும் இல்லை.

சாம்பல்குதிரை:
ஐயா, நான் கேட்டது அந்த அம்மையாரின் சிரிப்பைப் பற்றி.

மலைவழி:
வீட்டுப் பயிற்சியில் இரண்டு குதிரைகளைச் சேர்த்துக் கொண்டுபோய், பாதி வழியில் பிரித்து வெவ்வேறு பாதையில் விடுங்கள். சிரிப்பைப் பற்றிய கவலை தானாகப் போய்விடும்.

பழையசேணம்:
மடக்குநாற்காலி, உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இறக்கத்தில் பயந்து இடது கையால் சேணத்தின் முன்மேட்டைப் பிடித்திருப்பீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். உடம்பைச் சற்றே பின்னுக்கு வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, குதிரையின் கழுத்துக்கு இடம் கொடுத்து...

மடக்குநாற்காலி:
பிடிக்கவில்லை. அந்தக் கையில்தான் கடிவாள வார் இருந்தது. போதாக்குறைக்கு, அந்த இறக்கத்துக்கு அவர் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்.