மூன்று கொட்டேசன், ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம்

வெள்ளவத்தை மேல்மாடி:
இரண்டு வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதுதான் எழுதுகிறேன். மூன்று அறை, ஒரு ஹோல். சீலிங்குக்குள் டக்ட் (குளிர் காற்று போகிற பெரிய குழாய்) போட்டு வீடு முழுக்க ஒரே ஏசி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மூன்று கொட்டேசன் எடுத்தோம். ஏசியின் குளிர்விக்கிற திறனை டன்னில்தான் சொல்வார்கள். ஒருவர் வாசலில் நின்றபடியே 8 டன் என்றார். இன்னொருவர் போனிலேயே 5 டன். மூன்றாமவர் டேப் பிடித்து அளந்தார். பின்னேர வெயில் எந்த ஜன்னலால் வருகிறது, மேலே வெறும் கொங்கிரீட் தட்டா, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு மணித்தியாலம் கேள்விதான். கொப்பியில் எழுதிக்கொண்டு போய் 6 டன் என்றார். ஆகக் கூடின விலையும் அவருடையதுதான். நாங்கள் எடுத்தது போன்காரரை.

பூட்டிய அன்று ஒரு பெடியன் அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில் குந்தி, வால்வைக் கொஞ்சம் திறந்து, மற்றக் குழாயின் நட்டைத் தளர்த்தினான். ‘ஸ்ஸ்ஸ்’. “காத்து வெளியால போகுது அண்ணை” என்றான். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கிற வாக்யூம் பம்ப் எங்கே என்று கேட்க வாய் வந்தது. “தேத்தண்ணி குடிக்கிறீங்களா” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பத்து மாதத்தில் கம்ப்ரசர் போனது.

கொட்டாஞ்சேனை அக்கா:
எங்கள் வீட்டில் தங்கச்சியின் எழுத்து. ஆட்கள் நிறைந்த ஹோல், புது ஏசி, நல்ல குளிர். பதிவாளர் புத்தகத்தை விரித்து, மாப்பிள்ளை பேனாவைக் கையில் எடுக்கிற நேரம் சீலிங்கிலிருந்து ஒரு சொட்டு, நேரே அந்தப் பக்கத்தில். பிறகு இன்னொன்று. பதிவாளர் லேஞ்சியை எடுத்து ஒற்றிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏசித் தண்ணீர் வெளியேறுகிற ட்ரெயின் குழாய்க்குச் சரிவே கொடுக்கவில்லை. கேட்டால், கொட்டேசனில் ட்ரெயின் லைன் ‘வீட்டுக்காரர் பொறுப்பு’ என்று இருக்கிறதாம். இருந்ததுதான், கடைசிப் பக்கத்தில். ஆனால் தம்பி, நீங்கள் 8 டன்னையே எடுத்திருக்கலாம். பெரிசு போட்டால் பயமில்லை.

பழைய மெக்கானிக்:
அக்கா, அந்தக் கதையை மட்டும் விடுங்கள். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கிற அலகு) வெப்பத்தை வெளியேற்றும். தேவைக்கு மேல் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து மெஷின் நின்றுவிடும். கொழும்பு ஈரப்பதத்தை இழுக்க அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாவிட்டால் குளிரும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும், சீலிங் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வேர்ட்டர் ஏசி கொஞ்சம் சமாளிக்கும், அதற்கும் ஓர் அளவு உண்டு.

வெள்ளவத்தைத் தம்பி, அந்தப் பெடியனை ஏசாதீர்கள். ஆர்-22 என்ற பழைய ஏசி காஸ் இருந்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் ‘ஸ்ஸ்’ விட்டோம், மெஷின்களும் ஓடின. ஆர்-410ஏ காஸ் வந்த பிறகு கம்ப்ரசர் எண்ணெய் மாறிவிட்டது, இது ஈரத்தைக் குடிக்கிற எண்ணெய். குழாய்க்குள் ஈரம் நின்றால் அமிலமாகி கம்ப்ரசரைத் தின்னும். இப்போதைய ஆர்-32 காஸுக்கும் இதே கதை.

யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். கொட்டேசனில் அடியில் இருக்கிற மொத்தத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். டன் கணக்கை எப்படிப் போட்டார் என்று கேளுங்கள், வாய் திக்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். செப்புக் குழாயின் தடிப்பு, இன்சுலேஷன் தடிப்பு, எத்தனை அடி வரை விலைக்குள் அடக்கம், மேலதிக அடிக்கு எவ்வளவு, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். நைட்ரஜன் அடித்து லீக் பார்ப்பார்களா, வாக்யூமை 500 மைக்ரோனுக்குக் (குழாய்க்குள் மிஞ்சுகிற அழுத்தத்தின் அளவு) கீழே இறக்கி மீட்டரைக் காட்டுவார்களா? உடைக்கிற சுவரை யார் பூசுவது? த்ரீ ஃபேஸ் கரண்ட் தேவைப்பட்டால் யார் செலவு? வாட் வரி விலைக்குள்ளா வெளியா என்றும் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். 20 லட்சம் ரூபாய் கொட்டேசனுக்கு வரி மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம், ‘குறைந்த விலை’ அங்கேயே கரைந்துவிடும்.

மரைன் டிரைவ்:
இவ்வளவு எழுதி உப்புக் காற்றை விட்டுவிட்டீர்களே ஐயா. எங்கள் அவுட்டோர் யூனிட் கடலைப் பார்த்தபடி. மூன்றாம் வருடம் சேர்விஸுக்கு வந்தவர் ஃபின்னை (காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடு) விரலால் தொட்டார், மாவாக உதிர்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல் விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார். துருத் தடுப்புப் பூச்சுள்ள காயிலுக்கு இன்னொருவர் கூடுதலாகக் கேட்டபோது, ஏமாற்றுகிறார் என்று சிரித்தவன் நான்தான்.

தெகிவளை:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. இரவில் இரண்டு அறை மட்டும் குளிர்ந்தால் போதுமென்றால் டக்ட் எதற்கு? ஒரு அறைக்காக வீட்டையே குளிராக்கிவிட்டு, மாதம் 180 யூனிட்டைத் தாண்டியதும் ஆகக் கூடின விலைப்படி கட்டுகிறோம். அறைக்கொன்றாகத் தனித்தனி ஸ்பிளிட் ஏசி போடுங்கள்.

வெள்ளவத்தை மேல்மாடி:
தெகிவளை அண்ணை, இதைத்தான் என் மனைவியும் சொல்கிறா, இப்போது. போன கிழமை அந்த மூன்றாமவருக்கு வெட்கத்தை விட்டுக் கோல் எடுத்தேன். “மேற்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல், அந்த வீடுதானே” என்றார். கொப்பியில் அளவு அப்படியே இருக்கிறதாம். விலைதான் புதிதாகப் போட வேண்டுமாம்.